ஆயுத பூஜைக்குத் தூங்கப்போன கணினி

எண்ணிப் பார்க்கிறவனுக்குக் கெடுதல் வராது என்று ஒரு காலத்தில் முழுதாக நம்பினேன். இப்போதும் முக்கால்வாசி நம்புகிறேன். மீதிக் கால்வாசியை என் மகளின் கல்யாணம் தின்றுவிட்டது.

நான் எதையும் எண்ணுகிறவன். ரயில்வே கேட்டில் நின்றால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் என் வரிசையில் எத்தனை இலை, அதில் எத்தனை இலைக்கு அப்பளம் வரவில்லை என்று எண்ணுவேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, கேஸ் அடுப்பின் திருகுகளை எண்ணினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். (“மூணு திருகுதாங்க இருக்கு. அது என்ன, குட்டியா போடப்போவுது?” என்பாள் என் மனைவி கமலா.) ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் குணத்துக்காக என்னைப் பாராட்டினார்கள். சிலர் முகத்துக்கு நேரே பாராட்டினார்கள், சிலர் நான் அறையை விட்டுப் போன பிறகு சிரித்தபடி பாராட்டினார்கள்.

ஓய்வு பெற்றதும் தஞ்சாவூரில் சுந்தரமூர்த்தி என்ற கல்யாண மண்டப முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்குத் தஞ்சாவூரில் இரண்டு மண்டபம், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூரில் ஒவ்வொன்று. எந்த ஊரில் யார் வந்து நாள் குறித்தாலும் அது தஞ்சாவூர் தலைமை அலுவலகத்தின் கணினியில் வந்து விழும்படி ஏற்பாடு செய்திருந்தார். அந்தத் தரவுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

“பேங்க்ல எப்படிப் பாத்துக்குவீங்களோ அப்படிப் பாத்துக்கணும் சார். நாளைக்கு மெஷின் படுத்துட்டா, தாலி கட்டுறதுக்கு எடம் இல்லாம ஊர்ல பாதிப் பேரு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

“கவலையே படாதீங்க. என்கிட்ட ஒரு முறை இருக்கு” என்றேன்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். கேட்கும்போது யாருக்கும் பிடிக்கும் முறை அது. (எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது.) முன்பதிவுகள் வந்து விழுவது முதன்மைக் கணினி. அதன் பக்கத்தில் இன்னொரு கணினி, அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். முதன்மையில் எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அடுத்த நொடியே தன்னிலும் எழுதிக்கொள்வது அதன் வேலை. பெரிய வாய்க்காலில் வரும் தண்ணீர் மதகு வழியாகக் கிளை வாய்க்காலுக்கும் போகிற மாதிரி. இந்த ஸ்டாண்ட்பையின் தரவுகள் ஸ்டோரேஜ் என்கிற ஒரு பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி மணிக்கு ஒரு முறை அந்தத் தரவுகளை இருந்தது இருந்தபடி படம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஸ்நாப்ஷாட். முதன்மைக்கு ஏதாவது ஆனால் கடைசியாக எடுத்த ஸ்நாப்ஷாட்டைத் திறந்தால் போதும், எல்லாம் கண் முன்னே நிற்கும்.

“தெனம் ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வெச்சுட்டாப் போதாதா?” என்று முதலாளி கேட்டார்.

“அது அந்தக் காலத்து முறை சார். காப்பி எடுக்கும்போது மெயின் மெஷின் திணறும். நம்ம முறையில அதுக்கு ஒண்ணுமே தெரியாது. படம் எடுக்கிறது பக்கத்து மெஷினை. அதுவும் மாறின இடத்தை மட்டும்தான் பெட்டி தனியா குறிச்சுக்கும், இடமும் மிச்சம்.”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாள் இந்த மனுஷனை வங்கி ஏன் சும்மா வைத்திருந்தது என்ற வியப்பு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் அலுவலகம் போனதும் என் முதல் வேலை ஸ்நாப்ஷாட்டுகளை எண்ணுவது. ஒரு நாளுக்கு இருபத்து நான்கு. எண்ணி முடித்து, “இருபத்து நாலும் இருக்கு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பேன். முன்பதிவு கவுண்டரைப் பார்த்துக்கொண்ட வசந்தி, “சார், அது எங்க போவப்போவுது? ஆடு மாடா, மேய்ஞ்சுட்டுத் திரும்பாம இருக்க?” என்பாள். வசந்திக்கு நாற்பது வயதிருக்கும். அந்த அலுவலகத்தில் முதலாளியைத் தவிர மற்ற எல்லோரையும் அதட்டுவாள். சில நாள் முதலாளியையும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

மண்டபக்காரர்களுக்கு ஆயுத பூஜை பெரிய பண்டிகை. அண்டா, கரண்டி, கிரைண்டர், ஜெனரேட்டர், நாற்காலி ஏற்றும் வண்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் படைத்து, அன்று முழுவதும் எதையும் வேலை வாங்காமல் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் புழங்கினால்தான் கணக்கு. வசந்தி சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்குள் வந்தாள்.

“சார், உங்க மெஷினை நிறுத்துங்க.”

“நிறுத்தறதா? இது ஓடிக்கிட்டே இருக்கணும்மா.”

“அண்டாவும்தான் ஓடிக்கிட்டே இருக்கணும். இன்னிக்கு ஓய்வு குடுக்கலையா? ஊருல இருக்கிற ஆயுதமெல்லாம் சும்மா இருக்கு, உங்க ஆயுதம் மட்டும் வேலை செஞ்சுக்கிட்டிருந்தா சாமி என்ன நினைக்கும்?”

நான் யோசித்தேன். முதன்மையை நிறுத்த முடியாது, மற்ற ஊர்களில் கவுண்டர் திறந்திருந்தது. ஸ்டாண்ட்பைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் என்ன? மறுநாள் எழுப்பிவிட்டால் விட்டுப்போன வரிகளையெல்லாம் முதன்மையிடம் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டுவிடும். சாமிக்கும் மரியாதை, சிஸ்டத்துக்கும் சேதாரமில்லை. இப்படி ஒரு சமரசம் வேறு யாருக்குத் தோன்றும் என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்டாண்ட்பையில் முன்பதிவு வரிகளை எழுதிக்கொள்ளும் தரவுத்தளத்தை நானே என் கையால் நிறுத்தினேன். திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வசந்தி அந்தத் திரைக்குச் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். “நடுவுல வெச்சா உங்களுக்குப் படிக்க முடியாது சார். அதான் ஓரமா கீழ வெச்சிருக்கேன்” என்றாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திரையில் கீழ்க் கோடியில்தான் தரவுத்தளம் ஓடுகிறதா நிற்கிறதா என்ற ஒற்றை வரி இருந்தது.

மறுநாள் விஜயதசமியன்று நான் அலுவலகத்துக்குப் போய் அதை எழுப்பியிருக்க வேண்டும். போகவில்லை. அன்றைக்கு நல்ல நாள் என்று, என் மகள் தேன்மொழிக்கு மாப்பிள்ளை பேசி முடிக்க முத்துப்பேட்டைக்குப் போய்விட்டோம். மாப்பிள்ளை இளங்கோ சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அவர் அப்பா அருணாசலம் முத்துப்பேட்டையில் மீன் வலைக் கடை வைத்திருந்தார். இளங்கோ தை மாதம் கொஞ்ச நாள் லீவில் வருவார், அதற்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும், பிறகு கப்பல் ஏறினால் வருஷக் கடைசியில்தான் கரைக்கு வருவார். நாள் பார்த்தார்கள். பெண்ணின் நட்சத்திரம், பையனின் நட்சத்திரம், கப்பலின் புறப்பாடு மூன்றும் ஒத்துக்கொண்ட ஒரே நாள், தை மாதத்து இரண்டாவது முகூர்த்தம். இந்தச் சந்தோஷத்தில் தஞ்சாவூரில் ஒரு கணினி தூங்கிக்கொண்டிருப்பது என் ஞாபகத்திலிருந்து சுத்தமாகப் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் தெரியவில்லை. ஏனென்றால் ஸ்டோரேஜ் பெட்டி தூங்கவில்லை. மணிக்கு ஒரு ஸ்நாப்ஷாட்டை எடுத்துக்கொண்டே இருந்தது. தூங்குகிற ஆளை மணிக்கொரு தரம் படம் பிடித்தால் அதுவும் படம்தானே? நான் தினமும் எண்ணினேன். இருபத்து நான்கும் இருந்தன. பொட்டைத் துடைக்கவும் இல்லை. பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிட்டோம். வசந்தி வாங்கியிருந்தது நல்ல சந்தனம், உதிரவே இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ஸ்நாப்ஷாட்டுகள் முன்னைவிட மிகவும் சிறியதாக இருந்தன. பெட்டியில் இடமே பிடிக்கவில்லை. நான் என்ன செய்தேன்? முதலாளியிடம் ஓடிப்போய், “பாத்தீங்களா சார் சிக்கனத்தை! ஒரு கடுகளவு இடம்கூட எடுக்கலை” என்று சொன்னேன். மாறாத ஒன்றில் குறித்துக்கொள்ள என்ன இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. முதலாளி பாவம், எனக்கு ஒரு டபரா காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் என் மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் பெரிய மண்டபத்தைப் பதிவு செய்தேன். வசந்திதான் பதிந்தாள்.

“ரசீது போடட்டுமா சார்?”

“எனக்கெதுக்கும்மா ரசீது? மெயின்ல இருக்கேன், ஸ்டாண்ட்பைல இருக்கேன், இத்தனை ஸ்நாப்ஷாட்ல இருக்கேன். காகிதம் நனையும், கிழியும். இது என்ன ஆகப்போவுது?”

வசந்தி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தம் முடிந்து மண்டபங்களைக் கழுவிவிட்ட வாரம். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசக் கூடாது என்று, தை மாதத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் எல்லா ஊர்க் கவுண்டரிலும் வந்து நின்றார்கள். அன்று காலை மழை. கரண்ட் போய், வந்து, மறுபடி போய், பலமாக வந்ததில் முதன்மைக் கணினியின் டிஸ்க் போய்விட்டது. ஒன்று அல்ல, இரண்டும். (எண்ணினேன்.)

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். “சார், போச்சா?”

அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் அத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விரல்களைச் சொடுக்கு எடுத்து, “ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க சார்” என்றேன்.

அவர் குடித்துவிட்டு வருவதற்குள் கடைசி ஸ்நாப்ஷாட்டைத் திறந்து, மாற்று டிஸ்கில் ஏற்றி, எல்லா ஊர்க் கவுண்டரையும் அதோடு இணைத்துவிட்டேன். முன்பதிவுத் திரை பளிச்சென்று வந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்குப்பிள்ளை கைதட்டினார். நான் தலையை லேசாக ஆட்டி ஏற்றுக்கொண்டேன். வசந்தி மட்டும் கைதட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், தை மாசத்துல இத்தனை நாள் காலியா இருக்கே?”

“சம்பா இன்னும் அறுப்பாகலை. நெல்லு வீட்டுக்கு வராம யாரும்மா மண்டபம் பிடிப்பாங்க? அறுப்பு முடியட்டும், பாரு.”

“நேத்திக்கு வரைக்கும் நான்தானே சார் பதிஞ்சேன். தை ஃபுல்லுன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்!”

“உனக்கு அப்படித் தோணுது. கம்ப்யூட்டருக்குத் தோணுறதெல்லாம் கிடையாது. இதோ பாரு, நம்ம தேன்மொழி கல்யாணத்தையே காட்டுறேன்” என்று சொல்லி, பெரிய மண்டபத்தில் தை மாதத்து இரண்டாவது முகூர்த்தத்தைத் திறந்தேன்.

அங்கே ‘கலியபெருமாள் இல்லத் திருமணம், பாபநாசம்’ என்று இருந்தது. கும்பகோணம் கவுண்டரில் சற்று முன்புதான் பதிந்திருந்தார்கள்.

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். பிறகு பின்னோக்கிப் போய்க் கடைசியாகப் பதிந்த பழைய முன்பதிவு எது என்று தேடினேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

எழுந்து ஸ்டாண்ட்பையிடம் போனேன். நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். முதலில் குங்குமம் வந்தது, பிறகு சந்தனம் பாளம் பாளமாக வந்தது, அதற்குப் பின்னால் ‘நிறுத்தப்பட்டிருக்கிறது’ என்று அழகான சின்ன ஆங்கில எழுத்தில் இருந்தது. இரண்டு மாதமாக அது என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இதுவரைக்கும் நாம எத்தனை படம் எடுத்திருப்போம் சார்?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

“எல்லாத்துலயும் தூங்கிக்கிட்டுதான் இருக்குதா?”

“ஆமாம் சார்.”

“ஒண்ணுலகூட பொரண்டு படுக்கலையா?”

நான் தரையைப் பார்த்தேன். பொட்டுத் துகள் கொட்டிக் கிடந்தது.

முதன்மையில் எழுதிய வரிகளின் குறிப்பு வேறு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன். கடைசி வாரத்துக் குறிப்புகள் டிஸ்கோடு போயிருந்தன. அதற்கு முந்தியவற்றை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காமல் அழித்துவிடும்படி முதன்மைக்குச் சொல்லியிருந்தது யார்? நான்தான். இடம் மிச்சம்.

ரசீதும் கணினி அச்சடித்துத் தருவதுதான், அடிக்கட்டை கிடையாது. ஆக, தை மாதத்தில் ஐந்து மண்டபத்தில் கல்யாணம் செய்யப்போகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கவுண்டர்களை உடனே மூடச் சொல்லிவிட்டு, முதலாளி ஒரு முடிவு எடுத்தார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை விடுவது. அறிவிப்பு என் குரலிலேயே இருக்க வேண்டும் என்றார். “சிஸ்டம் பத்தி விளக்கமா சொல்ல உங்களை விட்டா யாரு இருக்கா?” என்றார். அதில் மரியாதை எத்தனை பங்கு, மற்றது எத்தனை பங்கு என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

“அன்பார்ந்த திருமண வீட்டாரே! தை மாதத்தில் எங்கள் மண்டபங்களில் திருமணம் நடத்தவிருக்கும் பெரியோர்களே! தவிர்க்க முடியாத காரணத்தால் தாங்கள் யார் என்பதை அறிய விரும்புகிறோம். ரசீதுடன் உடனே வரவும்!”

‘தவிர்க்க முடியாத காரணம்’ என் யோசனை. மழையிலும் ஆட்டோக்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தன. கீழவாசலில் கமலா காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவளைத் தாண்டி ஒன்று போனதாம். பக்கத்தில் நின்ற பெண், “யாருங்க இந்தக் கிறுக்கு?” என்று கேட்க, கமலா, “தெரியலைங்களே” என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கியிருக்கிறாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் என்னைத் தெரியாது என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று மத்தியானமே போன் வந்தது. முத்துப்பேட்டைச் சம்பந்தி.

“சம்பந்தி, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். பத்திரிகை புரூஃப் வாங்க வந்தேன். இங்க ஒரு ஆட்டோ போவுது. உங்க குரல் மாதிரியே இருக்குது.”

“என் குரல்தாங்க.”

பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

“அப்ப நாமளும் ரசீதோட வரணும், இல்லையா?”

“நம்மகிட்ட ரசீது இல்லைங்க.”

“தொலைஞ்சுடுச்சா?”

“வாங்கலைங்க.”

“வலைக்கடையில கால் கிலோ நைலான் நூல் வாங்குறவன்கூட ரசீது கேட்பான் சம்பந்தி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பையன் லீவை ஒரு நாளுகூட தள்ள முடியாது. கப்பல்காரன் நமக்காக நிப்பானா? எடம் இருக்குன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் அச்சாபீஸ் வாசல்லதான் நிக்கிறேன்” என்றார்.

“இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இருந்தது. வேறு ஒருவர் பெயரில் இருந்தது. தஞ்சாவூரில் மற்ற மண்டபங்களில் விசாரித்தேன். அந்த முகூர்த்தத்துக்கு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது என்றார்கள்.

அடுத்த சில நாளில் திருமண வீட்டார் வந்து குவிந்தார்கள். எல்லோரிடமும் ரசீது இருந்தது. லேமினேட் செய்து வைத்திருந்தார்கள், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், ஒருவர் நகைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். வசந்தி ஒவ்வொன்றாக வாங்கிப் பதிந்தாள். ஒரு பெரியவர் என்னிடம், “ஏன் தம்பி, மாப்பிள்ளை பேராவது உங்ககிட்ட இருக்கா? இல்ல, அதையும் நாங்கதான் பாக்கணுமா?” என்று கேட்டார். நான் ஓய்வு பெற்றவன். அவர் தம்பி என்றதில் ஒரு சின்ன ஆறுதல்.

கடைசியில் எல்லாம் சரியாயிற்று. ஒன்றே ஒன்றைத் தவிர. ரசீது இல்லாமல் இருந்த ஒரே குடும்பம், ரசீதே வேண்டாம் என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவன் குடும்பம்.

கலியபெருமாளைப் பார்க்கத் தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் போனேன். கூட்டிக்கொண்டு என்று நான் எழுதுகிறேன். உண்மையில் அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அய்யம்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

“அப்பா, தெனம் எண்ணுனீங்களே, ஒரு நாளாவது ஒண்ணைத் திறந்து பார்த்தீங்களா?”

“எண்ணிக்கை சரியா இருந்துதும்மா.”

“எங்க லேபுக்கு விதை மூட்டை வரும். நாங்க மூட்டையை எண்ணி கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறது இல்லை. கொஞ்சம் விதையை எடுத்து ஈரத்துல போட்டு, முளைக்குதான்னு பாப்போம். முளைக்காத விதை எத்தனை மூட்டை இருந்தா என்ன? அது வெறும் கனம்.”

சாலையோர மரங்களை எண்ணினேன், சத்தமில்லாமல்.

கலியபெருமாள் பெரிய விவசாயி. களத்தில் தார்ப்பாயை விரித்து ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ரசீது இருக்குதுங்களா?”

“இல்லைங்க.”

“கம்ப்யூட்டர்ல உங்க பேரு?”

“இல்லைங்க.”

“கம்ப்யூட்டரைப் பாத்துக்கிற ஆளு யாருங்க?”

“நான்தாங்க.”

அவர் தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்கிட்ட ரசீது இருக்குது. அதுல உங்க மண்டபத்து முத்திரையும் இருக்குது. நானும் ஒரு தகப்பன்தான் சார். எம் மகனுக்கு நாலு வருசமாப் பொண்ணு தேடி இப்பத்தான் அமைஞ்சுது. நாளை மாத்துன்னா பொண்ணு வீட்டுல வேற மாதிரிப் பேசிடுவாங்க.”

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. எழுந்து போக வேண்டியதுதான் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அப்போது தேன்மொழி கேட்டாள்.

“ஐயா, உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“ஆறுலேருந்து ஏழரை.”

“எங்களுக்கு ஒன்பதுலேருந்து பத்தரை. நீங்க தாலி கட்டி முடிச்சு எறங்குனா உங்க ஆளுங்க கீழ பந்திக்குப் போயிடுவாங்க. அந்த நேரத்துல மேடை சும்மாதானே கெடக்கும்? நாங்க ஏறிக்கிறோம். நாங்க எறங்குறப்ப உங்க வண்டி கெளம்பியிருக்கும்.”

கலியபெருமாள் யோசித்தார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, “அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லுது. நம்ம ஆளுங்க சாப்பாட்டைப் பாத்தா மேடையைத் திரும்பிப் பாப்பாங்களா?” என்று குரல் கொடுத்தார்.

“சரிம்மா. உனக்காக ஒத்துக்கிறேன்” என்றார் அவர். “ஆனா ஒரு நிபந்தனை. ரெண்டு வீட்டு சனமும் மாறி மாறிப் பூந்துடும். வாசல்ல ஒருத்தர் நின்னு, யாரு எந்தக் கல்யாணம்னு கேட்டுக் கேட்டு அனுப்பணும். அந்த வேலையை உங்கப்பாருதான் செய்யணும். அவருக்குத்தான் எண்ணத் தெரியுமே.”

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து நான் பட்டு வேட்டியில் மண்டப வாசலில் நின்றேன். வருகிறவர்களிடமெல்லாம், “நீங்க ஆறு மணியா, ஒன்பது மணியா?” என்று கேட்டேன். என் வங்கி நண்பர் ஒருவர் அதைக் கேட்டதும் இது சினிமா தியேட்டரா என்று திரும்பிப் போகப் பார்த்தார். எங்கள் வீட்டு ஒன்றுவிட்ட சித்தப்பா அதிகாலையிலேயே வந்து, கலியபெருமாள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, முழுச் சாப்பாடு சாப்பிட்டு, முன்பின் தெரியாத மாப்பிள்ளையை ஆசீர்வதித்து, பிறகு எங்கள் பந்தியிலும் உட்கார்ந்தார். எண்ணிக்கையில் அவரை ஒன்றாகப் போடுவதா இரண்டாகப் போடுவதா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை.

எட்டரைக்கு மேடை கை மாறியது. மேடைக்குப் பின்னால் பூவால் பெயர் எழுதிய பலகை. கலியபெருமாள் மகன் பெயரையும் அவன் மனைவி பெயரையும் கழற்றி, எங்கள் பெண் மாப்பிள்ளை பெயரை மாட்ட வேண்டும். மாட்டுகிற ஆள் பெண் பக்கத்தை முதலில் மாற்றிவிட்டு, ஏணியை மாப்பிள்ளை பக்கம் தூக்கி வைத்தார். அந்த இடைவெளியில் எங்கள் போட்டோகிராபர் வெளிச்சம் சரிபார்க்க ஒரு படம் எடுத்தார். மேடையில் மணக்கோலத்தில் தேன்மொழி, அவள் தலைக்கு மேல் ‘செந்தில் – தேன்மொழி’.

செந்தில் கலியபெருமாளின் மகன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது படம் பிடித்தால் பாதி அதுவும் பாதி இதுவுமாகத்தான் வரும் என்று என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். போட்டோகிராபருக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான் கிழித்துப் போடச் சொன்னேன். மாப்பிள்ளை இளங்கோ விடவில்லை. தாலி கட்டி முடித்துக் கப்பலேறி, திரும்பி வந்து, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டு ஹாலிலேயே மாட்டிவிட்டார். வருகிறவர்கள் யார் அந்தச் செந்தில் என்று கேட்டால், “அவர்தாங்க மெயின். நான் ஸ்டாண்ட்பை” என்கிறார். சம்பந்தி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரிக்கிறார்.

என் முறை தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முறை நல்ல முறைதான். கூடவே இரண்டு விஷயம் சேர்த்தேன், அவ்வளவுதான். முதலாளி ஆரம்பத்திலேயே சொன்ன அந்தப் பழைய காலத்துக் காப்பியையும் தினம் எடுத்து, கும்பகோணம் மண்டபத்துக்கு அனுப்பி வைத்தேன். பிறகு, தினமும் ஒரு ஸ்நாப்ஷாட்டைத் தனியாக ஒரு கணினியில் திறந்து, தேன்மொழி கல்யாணத்து வரி அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். கூடவே நேற்றுப் பதிந்த கடைசிக் கல்யாணம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அந்தப் பழைய வரியை யாரும் அழிக்கக் கூடாது என்று முதலாளியே உத்தரவு போட்டார். நான் அந்த வேலையையும் விட்டு வந்து வீட்டில் திருகு எண்ணுகிற இந்த நாளிலும் அது தொடர்கிறது. என் இடத்துக்கு வந்த பெண் எஞ்சினியர் தேன்மொழியை நேரில் பார்த்ததுகூட இல்லை. தினமும் காலையில் முதலாளிக்கு, “தேன்மொழி இருக்காங்க சார்” என்று செய்தி அனுப்புகிறாராம். அதற்குப் பிறகுதான் முதலாளி காப்பி குடிக்கிறாராம்.

ஆயுத பூஜை வந்தால் வசந்தி எனக்கும் சொல்லி அனுப்புவாள். போவேன். ஸ்டாண்ட்பைக்கு ஓய்வு கிடையாது, பொட்டு மட்டும் உண்டு, அதுவும் பின்பக்கம். அன்றைக்குத் தவறாமல் தேன்மொழியிடமிருந்து போன் வரும். பின்னணியில் இளங்கோவும் சம்பந்தியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது கேட்கும்.

“அப்பா, நான் இருக்கேனா?”

“இருக்கேம்மா.”

“எண்ணிப் பாத்துச் சொல்றீங்களா?”

“இல்லம்மா. திறந்து பாத்துச் சொல்றேன்.”